ஆடித்தபசுக்கு லீவு விட்ட டல்லாஸ் கம்பெனி

கைக்குட்டையால் கண்ணைத் துடைத்த சண்முகையா, கைக்குட்டை நனைந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டார். எப்சிபா அதைக் கவனித்துவிட்டாள்.

சங்கரன்கோவில் திருவேங்கடம் சாலையில், ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது அவளுடைய துப்பறியும் அலுவலகம். வருகிற வேலையில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணைதான். பெங்களூரில் மேனேஜர் என்று சொல்லிக்கொள்பவன் அங்கே யாருக்கு மேனேஜர் என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். பல வருடமாக இதையே செய்ததில் மனித குலத்தின்மேல், குறிப்பாகச் சட்டையைப் பேன்ட்டுக்குள் செருகிய மனித குலத்தின்மேல், அவளுக்கு இருந்த மரியாதை கிட்டத்தட்டத் தீர்ந்துபோயிருந்தது.

உதவியாளன் சிஹாபுதீன் கடையநல்லூர்க்காரன். துபாயில் சில வருடம் இருந்து, விசா முடிந்து ஊர் திரும்பியவன். அவன் வாய்க்கு மட்டும் எந்த நாட்டிலும் விசா தேவையில்லை என்று எப்சிபா சொல்வதுண்டு.

சண்முகையா பனவடலிசத்திரத்துக்காரர். அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வேல்விழி அமெரிக்காவில், டெக்ஸஸ் மாநிலத்தில் கம்ப்யூட்டர் மேல்படிப்பு முடித்திருந்தாள். படிப்பு முடித்த வெளிநாட்டு மாணவர்கள் ஒரு வருடம் அங்கேயே வேலை பார்க்க அந்த நாடு ஓர் அனுமதி தருகிறது. ஓ.பி.டி. என்று பெயர். அதில் ஒரு கொக்கியும் உண்டு. அந்த வருடத்துக்குள் மொத்தம் தொண்ணூறு நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருந்தால் அனுமதி போய்விடும். வேல்விழிக்கு வேலை கிடைப்பதாகத் தெரியவில்லை. அப்போதுதான் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் செல்வக்குமார், டல்லாஸ் நகரத்துக் கம்பெனி ஒன்றில் அவளைச் சேர்த்துவிட்டான். சம்பளம் கிடையாது, பயிற்சி மட்டும். அறையில் இருந்தபடியே பார்க்கலாம். அமெரிக்காவின் கணக்கில் அவள் வேலையில் இருப்பவள் ஆகிவிட்டாள்.

போன வாரம் யாரோ, அந்தக் கம்பெனியே போலி என்று பல்கலைக்கழகத்துக்கு மெயில் அனுப்பிவிட்டார்கள். பல்கலைக்கழகம் வேல்விழியிடம் விளக்கம் கேட்டிருக்கிறது. பதில் திருப்தியாக இல்லாவிட்டால் அவளுடைய மாணவர் பதிவு ரத்தாகும்.

“எழுதுனது யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்கம்மா,” என்றார் சண்முகையா. “தையில எம்பிள்ளைக்கு நிச்சயம் வச்சிருக்கேன். பொறாமை பிடிச்ச உள்ளூர்க்காரன் எவனோதான் இத செஞ்சிருக்கான்.”

கம்பெனி உண்மையிலேயே இருக்கிறதா என்று எப்சிபா கேட்டாள். அமெரிக்கக் கம்பெனியில் என்ன சந்தேகம் என்று அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மகள் மாட்டிக்கொண்டிருக்கிறாள், இந்த மனிதருக்கோ எழுதியவன் யாரென்பதுதான் கவலை. எப்சிபா அவருக்கு டீகூடச் சொல்லவில்லை. விசாரித்துச் சொல்வதாக அனுப்பிவைத்தாள்.

அவர் படியிறங்கியதும் வேல்விழியை வீடியோவில் அழைத்தாள். அந்தப் பெண் தூங்கிப் பல நாள் ஆனதுபோல் இருந்தாள். கம்பெனியில் ஜெனிபர் என்ற அம்மாள்தான் எல்லாம் என்றாள். ஜெனிபரின் முகத்தைப் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான். வாராவாரம் புரோகிராம் எழுதச் சொல்வாள், எழுதி அனுப்பினால் நன்று என்பாள். தான் உண்மையாகவே வேலை பார்ப்பதாக வேல்விழி நம்பியிருந்தாள்.

கம்பெனி என்ன செய்கிறது, எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றெல்லாம் எப்சிபா கேட்கவில்லை. பொய் சொல்கிறவன் வேலையைப் பற்றி நன்றாக ஒப்பித்து வைத்திருப்பான், விடுமுறையைப் பற்றி யோசித்திருக்க மாட்டான் என்பது மாப்பிள்ளை விசாரணையில் அவள் கற்றது.

“உங்க கம்பெனிக்கு என்னைக்கெல்லாம் லீவு?”

வேல்விழி யோசித்துச் சொன்னாள். ஜூலை நான்காம் தேதி, அமெரிக்காவே சுதந்திர தினத்துக்கு வாணவேடிக்கை விட்டுக்கொண்டிருந்தபோது, வேலை ஏன் தாமதம் என்று ஜெனிபர் போன் போட்டாள். ஆனால் ஆகஸ்டு மாதம் ஒரு வியாழக்கிழமை உள்ளூர் விடுமுறை என்று ஆபீஸை மூடிவிட்டாள். அன்று டெக்ஸஸில் பேங்க் திறந்திருந்தது, தபால் வந்தது.

சிஹாபுதீன் சுவரில் தொங்கிய காலண்டரில் ஆகஸ்டு தாளைத் தேடிப் புரட்டினான். தேதியில் விரலை வைத்தான்.

“ஆடித்தபசுக்கா அது. டல்லாஸ்லயும் நம்ம கலெக்டர்தான் லீவு விடுதாரு போல.”

வேல்விழி வாயைப் பொத்திக்கொண்டாள். சங்கரன்கோவில் தேரோடும் வீதியில் வருடந்தோறும் தபசுத் திருவிழா பார்த்து வளர்ந்தவள், அந்தத் தேதியைத் தன் கவலையில் மறந்துவிட்டிருந்தாள். பிறகு, பல்கலைக்கழகம் அனுப்பிய கேள்விகளில் ஒன்று விநோதமாக இருந்தது என்றாள். உன் மேசையில் இருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று கேட்டிருந்தார்களாம். அறையில் இருந்து வேலை பார்க்கிறவளிடம் அதை ஏன் கேட்க வேண்டும் என்று அவளுக்குப் புரியவில்லை.

எப்சிபாவுக்கும் அப்போது புரியவில்லை. அது ஆபீஸ்காரர்கள் கேட்கிற கேள்வியாகவே படவில்லை அவளுக்கு. யாருக்கும் எதுவும் ஒப்புக்கொள்ள வேண்டாம், மறைக்கவும் வேண்டாம், போனைப் பக்கத்திலேயே வைத்திரு என்று மட்டும் சொன்னாள்.

செல்வக்குமாரின் அலுவலகத்தில் கண்ணாடிக் கதவு, ஒரு குட்டி விமானம், விரலால் தள்ளினால் சுற்றுகிற பூமி உருண்டை எல்லாம் இருந்தன. வருகிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்தே எடைபோடுகிற ஆள் அவன். அதனால் எப்சிபாவை அடையாளம் தெரியவில்லை. சிஹாபுதீன் தன் தங்கை பாத்திமா ஹனா டெக்ஸஸில் படிப்பு முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் தவிப்பதாகச் சொன்னான். எப்சிபா பக்கத்து வீட்டு டீச்சர் ஆனாள்.

டிபன் என்ன இருக்கிறது என்று கேட்டால் சர்வர் மூச்சுவிடாமல் ஒப்பிப்பானே, அப்படி ஒப்பித்தான் செல்வக்குமார். முதலில் ஓ.பி.டி. ஒரு வருடம். கம்ப்யூட்டர், கணக்கு, விஞ்ஞானம் படித்திருந்தால் மேற்கொண்டு இரண்டு வருட நீட்டிப்பு. இதற்குள் எச்-ஒன்-பி என்ற வேலை விசாவுக்குக் கம்பெனி பெயர் கொடுக்கும், குலுக்கலில் விழுந்தால் யோகம். விழாவிட்டால் இன்னொரு மாஸ்டர்ஸ் சேர்ந்து, சேர்ந்த முதல் நாளே வேலைக்குப் போகலாம். அதுவும் இல்லையென்றால் லண்டன், அதுவும் இல்லையென்றால் கனடா.

“சார், இதுல வேலைன்னு ஒண்ணு எங்கன வருது?” என்று கேட்டான் சிஹாபுதீன்.

“வேலைய நாங்க குடுப்போம் தம்பி. நம்ம கம்பெனி டல்லாஸ்ல இருக்கு.”

“துபாய்ல எங்க கம்பெனிக்குப் பேரே கிடையாது சார், வேலை மட்டும் எக்கச்சக்கமா இருக்கும். உங்ககிட்ட எப்படி?”

செல்வக்குமாருக்கு அது பாராட்டாகக் கேட்டது. எங்கள் எச்.ஆர். மேடத்திடமே பேசிப் பாருங்கள் என்று போனை ஸ்பீக்கரில் போட்டான். அவன் தலைக்கு மேலே டல்லாஸ் என்று எழுதிய கடிகாரத்தில் மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. அது பகல் ஒன்றா, ராத்திரி ஒன்றா என்று சிஹாபுதீன் விசாரித்தான். ராத்திரிதான், ஆனால் மேடம் கடமையில் கண்ணானவர் என்றான் செல்வக்குமார். ராத்திரி ஒரு மணிக்கு ஆபீஸில் உட்கார்ந்திருக்கிற மேடம் முதல் மணியிலேயே எடுத்து, குட் மார்னிங் சொன்னாள்.

குரல் அசல் அமெரிக்கக் குரல். ஆனால் அதற்குப் பின்னால், விடாமல், டக்கு டக்கு என்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. ஹனாவின் படிப்பைப் பற்றி ஜெனிபர் கேட்க ஆரம்பித்தாள். சிஹாபுதீன் தெரிந்த ஆங்கிலத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. அறையில் மின்விசிறி நின்றது. ஜெனிபருக்குப் பின்னால் ஓடிய சத்தமும் அதே நொடியில் நின்றது.

நெட்வொர்க் சரியில்லை என்று செல்வக்குமார் அவசரமாகப் போனைத் துண்டித்தான். நாளைக்குத் தங்கையின் சான்றிதழ்களோடு வரச் சொன்னான். எப்சிபா சிரித்துக்கொண்டே எழுந்தாள். அவள் சிரித்தால் யாருக்கும் நல்லதில்லை என்பது சிஹாபுதீனுக்குத் தெரியும்.

தெருவுக்கு வந்ததும் அவன் சொன்னான்: “சங்கரன்கோவில்ல கரண்டு போனா டல்லாஸ்ல தறி நிக்குதுக்கா. வயர் எம்புட்டு நீளமா இழுத்திருப்பான்.”

“கரண்டு வாரதுக்குள்ள போயிரணும், வா,” என்றாள் எப்சிபா.

விசைத்தறித் தெருவில் தறிகள் எல்லாம் ஓய்ந்து கிடந்தன. தறிக்காரர்கள் வாசலுக்கு வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எப்சிபா ஒவ்வொரு வீட்டு மாடி ஜன்னலையும் பார்த்துக்கொண்டே நடந்தாள். கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுக்க வேண்டிய ஜெனிபருக்கு மின்சாரமும் இன்டர்நெட்டும் போகவே கூடாது. தெருவே நின்றிருக்கும்போது எந்த மாடியில் மின்விசிறி சுற்றுகிறதோ, டல்லாஸ் அங்கேதான் இருக்கிறது.

கோடியில் ஒரு மாடியில் சுற்றியது.

கீழே நின்ற தறிக்காரரிடம் மாடியில் யார் என்று விசாரித்தாள். மகள் என்றார். அமெரிக்கக் கம்பெனியில் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறாள், கரண்டு போகக் கூடாது என்று கம்பெனியே இன்வெர்ட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறது என்றார். இதைச் சொல்வதற்காகவே அவர் தினமும் வாசலில் நிற்பவர் போல இருந்தது. எப்சிபாவுக்கு அவரைப் பார்க்க என்னவோ போல் இருந்தது. மாடிப்படி ஏறினாள்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஹெட்போன் கழுத்தில் கிடந்தது.

“குட் மார்னிங், ஜெனிபர்,” என்றான் சிஹாபுதீன்.

அவள் மறுக்கவில்லை. தறிச் சத்தம் நின்றபோதே பயந்தேன் என்றாள். பேர் முத்துமாரி. எப்சிபா கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தாள், ரொம்ப நாளாக யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று இருந்தவள் மாதிரி.

அவளும் டெக்ஸஸில் படித்தவள்தான். வேலை கிடைக்காதபோது அவளையும் இதே செல்வக்குமார்தான் இதே கம்பெனியில் சேர்த்துவிட்டான். அக்கா கல்யாணத்துக்கு ஊர் வந்துவிட்டுத் திரும்பியபோது, அமெரிக்க விமான நிலையத்தில் அதிகாரி அவளைத் தனியாக உட்காரவைத்தார். எங்கே வேலை என்று கேட்டார். ஆபீஸ் விலாசத்தைச் சொன்னாள். அங்கே தினமும் போகிறேன் என்றும் சொன்னாள், அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தான் செல்வக்குமார். அதிகாரி அடுத்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“உன் மேசையில இருந்து பாத்தா என்ன தெரியும்னு கேட்டாரு. மரம்னு சொன்னேன். அந்த விலாசத்துல இருந்தது துணி வெளுக்குற கடை. சன்னலே கிடையாதாம்.”

விசாவை ரத்து செய்து அடுத்த விமானத்தில் அனுப்பிவிட்டார்கள். பொய் சொல்லி நுழையப் பார்த்தவள் என்று எழுதிவிட்டார்கள். அந்த எழுத்து ஆயுளுக்கும் அழியாது. ஊர் வந்தவளைச் செல்வக்குமார் தேடி வந்தான், வருத்தம் தெரிவிக்க அல்ல. அவளுடைய அமெரிக்கக் குரல் வீணாகிறதே என்று சொல்லி, ஜெனிபர் ஆக்கினான். மாட்டேன் என்றபோது, திருப்பி அனுப்பப்பட்டதைத் தெரு முழுக்கச் சொல்வேன் என்றான். அப்பாவோ அதற்குள், மகள் வீட்டிலிருந்தே அமெரிக்க வேலை பார்ப்பதாக எல்லோரிடமும் சொல்லிவிட்டிருந்தார்.

எப்சிபா நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டாள்.

“வேல்விழியோட யூனிவர்சிட்டிக்கு எழுதுனது நீதான. மேசையில இருந்து என்ன தெரியும்னு கேக்கச் சொன்னதும் நீதான்.”

முத்துமாரி தலையை ஆட்டினாள். வேல்விழி டிசம்பரில் ஊருக்கு வரப்போவதாக ஜெனிபரிடம் சொல்லியிருந்தாள். வந்துவிட்டுத் திரும்பினால் விமான நிலையத்தில் அதே நாற்காலி, அதே கேள்வி. அங்கே உட்கார்ந்து பொய் சொல்வதற்கு முன்னால், அவள் படித்த இடத்திலேயே யாராவது கேட்டுவிட்டால் உண்மையைச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் கிடைக்கும். அதனால்தான் முத்துமாரி எழுதினாள். ஜெனிபராக இருந்துகொண்டு அதைப் போனில் சொல்ல முடியவில்லை, ஒவ்வொரு அழைப்பையும் செல்வக்குமார் பதிவு செய்து கேட்பான்.

யாரைக் கண்டுபிடித்துத் தரச்சொல்லிச் சண்முகையா கேட்டாரோ, அவள்தான் அவர் மகளைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறாள்.

எப்சிபா வேல்விழியை வீடியோவில் அழைத்து, போனை மேசைமேல் நிறுத்தி வைத்தாள். முத்துமாரி தன் சொந்தக் குரலில், நெல்லைத் தமிழில், எல்லாவற்றையும் சொன்னாள். இருவரும் அழுதார்கள் என்று சொல்ல முடியாது. எத்தனை வாரம் ராத்திரி முழுக்க விழித்து எழுதி அனுப்பினேன், அதை யாருமே திறந்து பார்க்கவில்லையா என்று வேல்விழி கேட்டாள். இல்லை என்றாள் முத்துமாரி.

“எங்கப்பாவுக்கு இது தெரியுமா?”

முத்துமாரி எப்சிபாவைப் பார்த்தாள். பிறகு மறைக்காமல் சொன்னாள். சேர்த்துவிட்ட அன்றைக்கே அவருக்குத் தெரியும். நிச்சயம் முடிகிற வரைக்கும் மகளுக்குத் தெரிய வேண்டாம் என்று செல்வக்குமாரிடம் அவர்தான் கேட்டுக்கொண்டார். சம்பந்தி வீட்டாரிடம் பெண் டல்லாஸில் வேலை என்று சொல்லியாகிவிட்டது.

மின்விசிறியைப் பார்த்துப் பேசிய மனிதரை எப்சிபா நினைத்துக்கொண்டாள். அவருக்கு அழவும் தெரியவில்லை.

அடுத்து என்ன செய்வது என்று வேல்விழி கேட்டபோது எப்சிபா பூசி மெழுகவில்லை. அந்த வேலை வேலையே இல்லை என்றால் அந்தத் தொண்ணூறு நாளும் எப்போதோ தாண்டியிருக்கும். இன்னொரு படிப்பில் சேர முடியலாம், ஊர் திரும்ப வேண்டியும் வரலாம், அங்கே குடியேற்ற வழக்கு நடத்தும் வக்கீல் ஒருவரைப் பார்ப்பதுதான் புத்தி. ஆனால் ஏமாந்தவளாகத் திரும்பினால் மறுபடி விண்ணப்பிக்கவாவது வாய் இருக்கும். பொய் சொன்னவளாகத் திரும்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஆள் எதிரிலேயே இருக்கிறாள்.

அப்போதுதான் செல்வக்குமார் மாடியேறி வந்தான். ஜெனிபர் போனை எடுக்காததால் நேரில் பார்க்க வந்திருந்தான். எப்சிபாவைப் பார்த்ததும் பக்கத்து வீட்டு டீச்சருக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டான்.

“நீங்க ஒப்பிச்ச டிபன் பூராவும் என் போன்ல ரெக்கார்டு ஆயிருக்கு சார்,” என்றான் சிஹாபுதீன். “ஸ்டேஷன்ல கேட்டாங்கன்னா பசி எடுத்துரும்.”

செல்வக்குமாரின் முகம் மாறியது. அவர்களை விட்டுவிட்டு முத்துமாரியிடம் திரும்பினான். வாயைத் திறந்தால் அவளை அமெரிக்காவில் இருந்து கழுத்தைப் பிடித்துத் தள்ளியதை ஊருக்கே சொல்வேன் என்றான். உன் அப்பன் இந்தத் தெருவில் எப்படி நடக்கிறான் என்று பார்க்கிறேன் என்றான். அவன் பேசிக்கொண்டிருந்தபோது படியில் தறிக்காரர் வந்து நின்றார். சத்தம் கேட்டு ஏறி வந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

மேசைமேல் இருந்த போனில் வேல்விழி இன்னும் இருந்தாள்.

“விடிஞ்சதும் யூனிவர்சிட்டி ஆபீஸுக்குப் போய் எல்லாத்தையும் சொல்லப் போறேன். எனக்குச் சாட்சி வேணும்க்கா. உங்க பேரு, ஊரு, உங்களுக்கு நடந்தது எல்லாத்தையும் அவங்ககிட்டச் சொல்லலாமா?”

சொல்லாதே என்று செல்வக்குமார் கையை நீட்டினான். முத்துமாரி ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். போனுக்குப் பதில் சொன்னாலும் அவள் பார்த்தது அப்பாவைத்தான்.

“முத்துமாரி, சங்கரன்கோவில்னு எழுதிக்கோ. எனக்கு வேலை எதுவும் இல்ல. ஏர்போர்ட்டோட திருப்பி அனுப்பிட்டாங்க. அதையும் எழுதிக்கோ.”

தறிக்காரர் செல்வக்குமாருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

“வே, கீழ எறங்கும்,” என்றார்.

அவன் இறங்கிப் போன பிறகு, உள்ளே வந்து மகள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போனில் இருந்த பெண்ணைப் பார்த்து, நீ சாப்பிட்டாயா தாயி என்று கேட்டார்.